சீன மூலிகை மருந்துச் சோதனை: எண் உதைத்தால் எங்கே தேடுவது

சிங்கப்பூரில் விற்கும் சீனத் தயாரிப்பு மருந்துகள் 1999 முதல் அரசுக் கட்டுப்பாட்டில் உள்ளன. குளிகை, மாத்திரை, துகள், தேன் உருண்டை என்று பல வடிவத்தில் லேப் மேசைக்கு வரும். ஒரே குளிகையில் பத்துப் பதினைந்து மூலிகை, தேன், மாவு, மெழுகு எல்லாம் கலந்திருக்கும். அதனால் எண் கோணலாக வருவது சகஜம். குறை மருந்திலா, மெஷினிலா, நம் கையிலா என்று பிரித்துப் பார்ப்பதுதான் வேலை. கீழே உள்ளவை அடிக்கடி வரும் கோளாறுகள். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத காரணம் முதலில், செலவு பிடிப்பது கடைசியில்.

எந்த அறிகுறியானாலும் முதலில்

ஃபெயில் என்று வந்ததும் புது சாம்பிளை எடை போட்டு ஓட்டக் கை துறுதுறுக்கும். வேண்டாம். முதல் கரைசலையும் குடுவையையும் அப்படியே வைத்திருங்கள். காரணம் கிடைக்காமல் மறுபடி மறுபடி ஓட்டி, பாஸ் ஆன எண்ணை மட்டும் எழுதுவது சோதனையே அல்ல. அதைவிடச் சோதிக்காமலே இருந்துவிடலாம்.

கணக்கைப் பாருங்கள். நீர்த்த மடங்கு, நிறுத்த எடை, ஈரம் கழித்த எடைக்கா கழிக்காத எடைக்கா என்பது. அப்புறம் பிளாங்க், அதாவது சாம்பிள் சேர்க்காமல் ஓட்டும் வெறும் கரைசல். அப்புறம், அளவு முன்பே தெரிந்த அன்றைய கட்டுப்பாட்டு சாம்பிள். அது சரியாக வந்திருந்தால் மெஷின் மீதான சந்தேகம் பாதி குறையும்.

அடுத்து, எந்த நாட்டு எல்லையோடு ஒப்பிடுகிறீர்கள்? சீன மருந்தியல் நூலின் 2020 பதிப்பில் தாவர மூலிகைகளுக்கான வழிகாட்டு எல்லை, கிலோவுக்கு மில்லிகிராமில், ஈயம் 5, காட்மியம் 1, ஆர்செனிக் 2, பாதரசம் 0.2, தாமிரம் 20. ஆசியான் நாடுகள் முடிவான மருந்துக்கு வைத்திருப்பது ஈயம் 10, ஆர்செனிக் 5, பாதரசம் 0.5, காட்மியம் 0.3. ஹாங்காங் கணக்கே வேறு: ஒரு நாளைக்கு உள்ளே போகும் அளவு, ஈயம் 179 மைக்ரோகிராம், பாதரசம் 36 மைக்ரோகிராம். காட்மியத்தைப் பாருங்கள், மூலிகையாக ஷாங்காயில் தேறியது குளிகையாகச் சிங்கப்பூரில் தேறாமல் போகலாம். ஹாங்காங் போகும் சரக்கென்றால் லேபிளில் உள்ள அன்றாட அளவு தெரியாமல் பாஸும் போட முடியாது, ஃபெயிலும் போட முடியாது.

அறிகுறி: பாதரசமோ ஆர்செனிக்கோ எல்லையைத் தாண்டுகிறது

பிளாங்கிலும் வருகிறதா? அமிலம், செரிப்புக் குடுவை (சாம்பிளை அமிலத்தில் கரைக்கும் பாத்திரம்), தண்ணீர் என்ற வரிசையில் சந்தேகப்படுங்கள். குடுவையில் முந்தைய சாம்பிளின் மிச்சம் ஒட்டியிருந்தால், வெறும் நைட்ரிக் அமிலம் ஊற்றி ஒரு முழுச் சுற்று ஓட்டினால் போய்விடும். புது பாட்டில் அமிலம் திறந்த நாளன்று தொடங்கிய கோளாறா என்று பதிவேட்டைப் புரட்டுங்கள்.

சாம்பிளுக்குப் பின் ஓட்டிய பிளாங்கில் பாதரசம் படிப்படியாகக் குறைந்துகொண்டே வருகிறதா? உலோகங்களை நிறை பார்த்து அளக்கும் ஐசிபி-எம்எஸ் மெஷினின் குழாயிலும் தெளிப்பறையிலும் பாதரசம் ஒட்டிக்கொண்டு மெதுவாகக் கழன்று வருகிறது. கழுவும் கரைசலில் சிறிது தங்கம் சேருங்கள், கழுவும் நேரத்தைக் கூட்டுங்கள். சந்தேகமான சாம்பிளை வரிசையின் கடைசியில் வையுங்கள். அதற்கு முன் ஓட்டிய எண்களைத் தொட வேண்டியதில்லை. பின்னால் ஓட்டியவை எல்லாம் மறுபடி.

ஆர்செனிக் மட்டும் கூடுதலா? குளோரைடைப் பாருங்கள். ஆர்கானும் குளோரினும் சேர்ந்தால் 75 நிறையில், சரியாக ஆர்செனிக் உட்கார்ந்திருக்கும் இடத்தில், ஒரு போலி சிக்னல் வரும். அதே அளவு ஹைட்ரோகுளோரிக் அமிலம் கலந்த பிளாங்கை ஓட்டுங்கள். ஆர்செனிக் எண் எழுந்தால் ஆள் அகப்பட்டான். போலி சிக்னலை ஹீலியம் வாயுவால் வடிகட்டும் மோதல் முறைக்கு மாற்றினால் அடங்கும். மாற்றிய பிறகும் அதே எண் நின்றால் ஆர்செனிக் பெரும்பாலும் உண்மையிலேயே இருக்கிறது.

ஒரே டப்பாவில் எடுத்த மூன்று சாம்பிள் மூன்று விதமாக வருகிறதா? இதில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சில சீன மருந்துகளில் சாதிலிங்கமும் (பாதரசமும் கந்தகமும் சேர்ந்த கனிமம்) மனோசிலையும் (ஆர்செனிக்கும் கந்தகமும் சேர்ந்தது) மூலப்பொருளாகவே சேர்க்கப்படுகின்றன. ஆன்கோங் நியூஹுவாங் வான் என்ற உருண்டையின் பழைய சூத்திரத்தில் இரண்டும் உண்டு. சில குளிகைகளுக்கு மேல்பூச்சே சாதிலிங்கம்தான். சித்த மருத்துவம் அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மாசாக வந்த பாதரசம் பொடியில் ஓரளவு சமமாகப் பரவியிருக்கும். சாதிலிங்கம் மணி மணியாக இருக்கும். அரை கிராம் நிறுக்கும்போது ஒரு மணி கூடுதலாக விழுந்தால் எண் எங்கோ போய்விடும். ஆகவே லேபிளைப் படியுங்கள். குளிகையை நெடுக வெட்டி லென்ஸில் பாருங்கள், செந்நிறப் பொட்டுகள் தெரியும். டப்பா முழுவதையும் அரைத்து நன்றாகக் கலந்த பிறகு நிறுங்கள்.

இதோடு முடியவில்லை. சாதிலிங்கம் வெறும் நைட்ரிக் அமிலத்தில் முழுதாகக் கரையாது. குடுவையின் அடியில் சிவப்பாக எதுவும் தங்கியிருந்தால் உங்கள் பாதரச எண் உண்மையைவிடக் குறைவு. அரசநீர், அதாவது ஹைட்ரோகுளோரிக்கும் நைட்ரிக்கும் கலந்த அமிலம் வேண்டும். ஆனால் அதை ஊற்றினால் மேலே சொன்ன குளோரைடு வந்து ஆர்செனிக்கைக் கெடுக்கும். பாதரசத்துக்கு ஒரு செரிப்பு, ஆர்செனிக்குக்குத் தனியாக ஒரு செரிப்பு என்று பிரித்துவிடுவதே நல்லது. நேரம் போகும்தான். ஒரே குடுவையில் இரண்டையும் சமாளித்து, பிறகு எந்த எண்ணை நம்புவது என்று தவிப்பதைவிட இது மேல்.

கடற்பாசி உள்ள மருந்தா? ஹாய்ட்சாவ் என்ற பழுப்புக் கடற்பாசி ஆர்செனிக்கை இயல்பாகவே சேர்த்துவைக்கும். மொத்த ஆர்செனிக் கூடுதலாக வந்தால் கனிம ஆர்செனிக் எவ்வளவு, கரிமச் சேர்மத்தில் கட்டுண்டது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அதற்கு சேர்மங்களைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்பிஎல்சியோடு ஐசிபி-எம்எஸ்ஸை இணைத்த அமைப்பு தேவை. உங்கள் லேப்பில் அது இல்லையென்றால் அங்கீகாரம் பெற்ற வேறு லேப்புக்கு அனுப்புங்கள். கடற்பாசி என்றாலே ஆபத்தில்லாத ஆர்செனிக்தான் என்று எழுதிவிடாதீர்கள். ஹாய்ட்சாவ் வகைகளில் ஒன்று ஜப்பானியர் ஹிஜிகி என்று உண்பது. அதில் கனிம ஆர்செனிக்கே நிறைய.

சர்வீஸ் இன்ஜினியரை எப்போது கூப்பிடுவது? ஐசிபி-எம்எஸ்ஸின் வாயிலுள்ள கூம்புகளைக் கழற்றிச் சுத்தம் செய்து, குழாய்களை மாற்றி, ட்யூன் செய்த பிறகும் ஒப்பிடுவதற்காக ஒரே அளவில் சேர்க்கும் உள்தரத் தனிமங்களின் சிக்னல் சரிந்துகொண்டே போனால். அதற்கு முன் கூப்பிட்டால் அவரும் வந்து கூம்பைத்தான் கழுவுவார்.

அறிகுறி: டிஎல்சி (மெல்லடுக்குப் பிரிகை) தகட்டில் பொட்டுகள் சொன்னபடி வரவில்லை

ஒப்பீட்டு மூலிகையின் பொட்டும் இடம் மாறியிருக்கிறதா? அப்படியென்றால் மருந்து நிரபராதி. கரைப்பானையும் காற்றையும் பாருங்கள். ஜின்செங்குக்குச் சீன மருந்தியல் நூல் சொல்லும் கரைப்பான் குளோரோஃபார்ம், எத்தில் அசிட்டேட், மெத்தனால், தண்ணீர், 15:40:22:10. இதை 10 டிகிரிக்குக் கீழே வைத்து அடியில் தங்கும் அடுக்கை எடுக்க வேண்டும். நம் ஊர் வெக்கையில் தவறு நடப்பது இங்கேதான். ஃபிரிட்ஜில் இரவு முழுக்க வைத்ததை மேசையில் நிறுத்திவிட்டு டீ குடிக்கப் போனால், திரும்பி வரும்போது அடுக்குகளின் சேர்க்கையே மாறியிருக்கும். பிரிபுனலையும் குளிரவைத்து, வெளியே எடுத்த கையோடு பிரியுங்கள். அடியடுக்கு மங்கலாகத் தெரிந்தால் மேலடுக்கின் துளி கலந்துவிட்டது. ஊற்றிவிட்டு மறுபடி செய்யுங்கள்.

ஈரப்பதமும் சும்மா இருக்காது. 105 டிகிரியில் காயவைத்த தகடு, திறந்து வைத்தால் நிமிடக் கணக்கில் ஈரம் குடித்துவிடும். தகட்டின் அருகே வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் பென்சிலால் எழுதிவைக்கும் பழக்கம் நல்லது. நேற்று வந்தது இன்று ஏன் வரவில்லை என்ற கேள்விக்கு அந்த இரண்டு எண்களே பதில் சொல்லும்.

ஒப்பீட்டுப் பொட்டு சரி, மருந்தின் பொட்டு இழுத்துக்கொண்டு வாலாக நீள்கிறதா? தேன் உருண்டையாக இருக்கும். சர்க்கரை தகட்டில் ஏறி எல்லாவற்றையும் இழுக்கிறது. தேன் உருண்டை உரலில் அரைபடாது, உலக்கையோடு ஒட்டிக்கொண்டு வரும். துண்டு துண்டாக வெட்டி, டயட்டமைட் மண் சேர்த்து அரைத்தால் உதிரியாகும். பிறகு கரைப்பான் உள்ளே இறங்கும். சபோனின் தேடுகிறீர்கள் என்றால் தண்ணீர் ஊறிய பியூட்டனாலில் எடுத்து, அந்தப் பியூட்டனாலை அமோனியா நீரால் கழுவுங்கள். சர்க்கரை பின்தங்கிவிடும்.

இத்தனைக்குப் பிறகும் மருந்தில் அந்தப் பொட்டே இல்லையா? இப்போதுதான் மூலிகை மாற்றம் பற்றி யோசிக்கலாம். ஆசிய ஜின்செங்குக்குப் பதில் அமெரிக்க ஜின்செங் என்றால் அதன் சபோனின்களில் ஒன்றான ஜின்செனோசைடு ஆர்எஃப் காணாமல் போய் சூடோஜின்செனோசைடு எஃப்11 வந்திருக்கும். சான்ச்சி என்ற வேறொரு வேர் கலந்திருந்தால் நோட்டோஜின்செனோசைடு ஆர்1 தெரியும். மூலிகைப் பொடியால் செய்த குளிகை என்றால் நுண்ணோக்கியிலும் பார்க்கலாம், ஜின்செங்கில் கால்சியம் ஆக்சலேட் கொத்துப் படிகங்கள் இருக்கும். சாறு இறக்கிச் செய்த மாத்திரையில் திசுவே இருக்காது, நுண்ணோக்கியில் தேடி நேரம் போக்க வேண்டாம். மூலிகை மாறிவிட்டது என்று அறிக்கையில் எழுதும் முன் மூலிகை அடையாளம் காணும் தாவரவியல் நிபுணர் ஒருவரிடம் காட்டுங்கள். கையெழுத்து அவருடையதாக இருக்கட்டும்.

அறிகுறி: எச்பிஎல்சியில் ஜின்செங் சத்து குறைவாக வருகிறது

சீன மருந்தியல் நூல் கேட்பது ஜின்செனோசைடுகளில் ஆர்ஜி1, ஆர்இ இரண்டும் சேர்ந்து 0.30 சதவீதம், ஆர்பி1 தனியாக 0.20 சதவீதம். இது மூல வேருக்கு. பல மூலிகை சேர்ந்த குளிகைக்கு அதன் சூத்திரத்துக்கான தனி அளவு இருக்கும். வேரின் எல்லையைக் குளிகை மீது போட்டுவிட்டு ஃபெயில் என்று கத்துவது அடிக்கடி நடக்கிறது.

அடிக்கோடு மேலும் கீழும் ஆடுகிறதா? 203 நானோமீட்டரில் பார்க்கிறோம். அந்த அலைநீளத்தில் கரைப்பானில் உள்ள அழுக்கெல்லாம் பீக்காக (வரைபடத்தில் முகடாக) எழும். அசிட்டோநைட்ரைலின் தரத்தையும், தண்ணீர் அன்று பிடித்ததா என்பதையும் பாருங்கள். விளக்கு மங்கியிருந்தாலும் முதலில் தெரிவது இந்தப் பகுதியில்தான்.

ஆர்ஜி1, ஆர்இ ஒட்டிக்கொண்டு வருகிறதா? 19 சதவீத அசிட்டோநைட்ரைலில் நீண்ட நேரம் ஓடும் பகுதி அது. பம்ப் கலக்கும் விகிதத்தில் அரை சதவீதம் பிசகினாலே இரண்டும் நகரும். முதலில் கரைப்பானைக் கையால் கலந்து ஒரே குழாயில் விட்டுப் பாருங்கள். பிரிந்தால் குறை பம்பின் வால்வில். பிரியாவிட்டால் பிரிகைக் குழாயின் அடுப்பு வெப்பநிலை, அதற்குப் பிறகுதான் புது பிரிகைக் குழாய். விலை உயர்ந்தது, அதனால் கடைசியில்.

பீக் எல்லாம் அழகாக இருந்தும் அளவு குறைவா? மீதமிருக்கும் சக்கையை மறுபடி ஒருமுறை கரைப்பானில் எடுத்து ஓட்டுங்கள். அதில் பீக் வந்தால் முதல் முறை முழுதாக இறங்கவில்லை. வராவிட்டால், தெரிந்த அளவு தூய ஒப்பீட்டுப் பொருளை, அதாவது ஸ்டாண்டர்டைக் குளிகைப் பொடியில் சேர்த்து எத்தனை சதவீதம் திரும்புகிறது என்று பாருங்கள். அதுவும் சரியாக இருந்தால் மருந்தில் சத்து குறைவு. அவ்வளவுதான், எழுதிவிடலாம்.

அறிகுறி: அஃப்லாடாக்சினில் பி1, ஜி1 மட்டும் காணோம்

அஃப்லாடாக்சின் என்பது பூஞ்சை நஞ்சு. பி1, பி2, ஜி1, ஜி2 என்ற நான்கைப் பார்க்கிறோம். பி2, ஜி2 பீக் திடமாக நிற்கும், பி1, ஜி1 படுத்திருக்கும். ஸ்டாண்டர்டிலும் அப்படியே. காரணம் ஏறக்குறைய எப்போதும் ஒன்றுதான்: பிரிகைக் குழாய்க்குப் பின் இருக்கும் ஒளி வினைக் கருவி அணைந்திருக்கிறது அல்லது விளக்கு போய்விட்டது. நீர் கலந்த கரைப்பானில் பி1, ஜி1 இரண்டும் மங்கலாகத்தான் ஒளிரும், வினைக்குட்பட்ட பிறகே பிரகாசிக்கும். ஒளிக்குப் பதில் அயோடின் முறை என்றால் கரைசல் பழையதா என்று பாருங்கள்.

நான்குமே குறைவு, ஸ்டாண்டர்டு மட்டும் சரியா? நஞ்சைப் பிடித்துவைக்கும் எதிர்ப்புரதக் (ஆன்டிபாடி) குழாயில் இழப்பு. மெத்தனால் சாற்றைப் போதிய அளவு நீர்க்காமல் ஊற்றினால் எதிர்ப்புரதம் செயலிழந்துவிடும். வூமெய், ஷான்சா போன்ற புளிப்பான சரக்கு என்றால் அமிலத்தைச் சமன்செய்து ஊற்றுங்கள். வேகமும் முக்கியம், நொடிக்கு ஒரு சொட்டுக்கு மேல் போக வேண்டாம். பி1 எல்லை கிலோவுக்கு 5 மைக்ரோகிராம், நான்கும் சேர்த்து 10. இவ்வளவு சிறிய எல்லையில் பாதி இழந்துவிட்டு பாஸ் போடுவது எத்தனை எளிது என்று யோசித்துப் பாருங்கள். ஆரஞ்சுத் தோல் போன்ற நிறமுள்ள சரக்கில் பி1 இடத்தில் ஏதாவது எழுந்தால் வினைக் கருவியை அணைத்து ஒருமுறை ஓட்டுங்கள். பீக் சுருங்கினால் பி1 ஆக இருக்கலாம். அப்படியே நின்றால் நிறமி. இரண்டிலும் முடிவை பிரித்து நிறையும் பார்க்கும் எல்சி-எம்எஸ் சொல்லட்டும்.

அறிகுறி: கந்தக டை ஆக்சைடு எல்லை மீறுகிறது

மூலிகையை வெளுப்பாக்கவும் பூச்சி அண்டாமல் வைக்கவும் கந்தகப் புகை போடுவது பழைய வழக்கம். பொது எல்லை கிலோவுக்கு 150 மில்லிகிராம். ஷான்யாவ், பைஷாவ் உள்ளிட்ட 10 மூலிகைகளுக்கு மட்டும் 400. முதலில் உங்கள் மூலிகை எந்தப் பட்டியலில் என்று பாருங்கள்.

காய்ச்சி வடித்து, காரத்தால் நடுநிலையாக்கி அளப்பதுதான் வழக்கமான முறை. அது எல்லா ஆவியாகும் அமிலத்தையும் கந்தகம் என்று எண்ணிவிடும். பூண்டு, வெங்காய இனச் சரக்கிலும் ஏமாற்றும். எல்லையை ஒட்டி வந்தால், பிடித்துவைத்த திரவத்தையே அயனிப் பிரிகைக்கு அனுப்பி சல்ஃபேட்டை மட்டும் அளவிடுங்கள். பிளாங்கே உயர்ந்தால் நைட்ரஜன் உருளையையும் பெராக்சைடையும் பாருங்கள்.

அறிகுறி: நுண்ணுயிர் எண்ணிக்கை நம்ப முடியாத அளவுக்குச் சுத்தம்

பெயில் ஆனால் எல்லோரும் ஓடி வருவார்கள், பூஜ்யம் வந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். ஹுவாங்லியான் என்ற மூலிகை உள்ள குளிகையில் தட்டு பளிச்சென்று இருந்தால் சந்தேகப்படுங்கள். அதிலுள்ள பெர்பெரின் கிருமிகளை வளரவிடாது, தட்டிலும்தான். அறிந்த எண்ணிக்கையில் கிருமியை மருந்தோடு சேர்த்து வளர்த்துப் பாருங்கள். மருந்தில்லாத தட்டோடு ஒப்பிட்டால் பாதிக்குக் குறையாமலும் இரு மடங்குக்கு மேல் போகாமலும் திரும்ப வேண்டும். பாதிக்கும் கீழே வந்தால் இன்னும் நீர்த்துங்கள், அல்லது மருந்தின் கிருமிக்கொல்லி வீரியத்தை அடக்கும் பாலிசார்பேட், லெசித்தின் சேருங்கள். அதற்கும் மசியாவிட்டால் வடிதாளில் வடித்து, நன்றாகக் கழுவி, வடிதாளைத் தட்டில் வையுங்கள்.

தட்டு முழுக்கப் படலம் பரவி எண்ணவே முடியவில்லையா? மண்ணிலிருந்து வரும் பேசில்லஸ் இனம். கூடுதலாக நீர்த்து ஊற்றுங்கள். சால்மொனெல்லா சந்தேகம் என்றால் நீங்களே பெயர் சூட்ட வேண்டாம், நுண்ணுயிர் வகை காணும் லேப்புக்கு அனுப்புங்கள்.

அறிகுறி: ஈரம் கூடுதல்

கிராம்பு, லவங்கப்பட்டை, ஏலக்காய் இனம் உள்ளதா? 105 டிகிரி அடுப்பில் எண்ணெயும் ஆவியாகப் போய் ஈரமாகக் கணக்கில் சேரும். டொலுவீன் வைத்து வடிக்கும் முறைக்கு மாறுங்கள். எண்ணெய் இல்லாத சரக்கென்றால் டப்பாவின் மூடியைப் பாருங்கள்.

அறிகுறி: இருக்கக் கூடாத பீக் எழுகிறது

இதை மற்ற அறிகுறிகளைப் போல ஆற அமரப் பார்க்க முடியாது. 2008இல் சிங்கப்பூரில், சட்டவிரோதமாக விற்ற ஆண்மை மருந்துகளில் கிளிபென்கிளமைடு என்ற நீரிழிவு மாத்திரைச் சரக்கு கலந்திருந்தது. நீரிழிவே இல்லாத 150 பேர் சர்க்கரை தாழ்ந்து மருத்துவமனைக்குப் போனார்கள், 4 பேர் இறந்தார்கள். மெலிவு மருந்தில் சிபுட்ரமைன், மூட்டுவலி மருந்தில் டெக்சாமெத்தசோன், ஆண்மை மருந்தில் சில்டெனாஃபில் அல்லது அதன் உறவுகள் என்று தேடும் இடம் பெரும்பாலும் தெரிந்ததே.

முதலில் பார்க்க வேண்டியது, அது முந்தைய சாம்பிளின் எச்சமா என்று. சில்டெனாஃபில் ஊசியில் ஒட்டிக்கொள்ளும். பிளாங்க், சாம்பிள், பிளாங்க் என்று ஓட்டுங்கள். அடுத்தது பீக் வரும் நேரமும், நிறைமானியில் மூலக்கூறு உடைந்து தரும் துண்டுகளின் நிறையும். சில்டெனாஃபில் 475இலிருந்து 283, 100 தரும், சிபுட்ரமைன் 280இலிருந்து 125. துண்டுகள் பொருந்தி மூல நிறை மட்டும் வேறாக இருந்தால் அது அடையாளம் மாற்றிய உறவு. அதற்கு உயர் துல்லிய நிறைமானியும், சில சமயம் மூலக்கூற்றின் அமைப்பைக் காட்டும் என்எம்ஆரும் வேண்டும். அந்த இடத்தில் நிறுத்தி அனுப்பிவிடுங்கள். பொடியில் ஒன்றும் இல்லை, புகார் மட்டும் வலுவாக இருக்கிறது என்றால் கேப்சூல் கூட்டைக் கழற்றி, கூட்டை மட்டும் தனியாகக் கரைத்து ஓட்டுங்கள். மருந்தைக் கேப்சூல் கூட்டிலேயே கலந்து வைத்த சரக்குகளும் பிடிபட்டிருக்கின்றன. மாஹுவாங் என்ற மூலிகையில் எஃபெட்ரின் வந்தால் அது மூலிகையுடையதே, ஆனால் அந்த மூலிகை லேபிளில் இருக்கிறதா என்று பாருங்கள்.

359இலிருந்து 298 வந்தால் சிறுநீரகத்தைக் கெடுக்கும் அரிஸ்டோலோகிக் அமிலம் 1. ஃபாங்ஜி என்று எழுதிய சரக்கில், இந்த அமிலம் உள்ள குவாங் ஃபாங்ஜி புகுந்த பழைய கதை இது. பெல்ஜியத்தில் மெலிவு மருந்து சாப்பிட்ட பெண்களின் சிறுநீரகம் பழுதானது 1993இல் வெளிவந்தது. சீனா, அதே அமிலம் உள்ள குவான் மூதோங்கின் தரநிலையை 2003இலும் குவாங் ஃபாங்ஜியுடையதை 2004இலும் நீக்கியது. ஷிஷின் வேரில் மட்டும் சீன நூல் 0.001 சதவீதம் வரை விடுகிறது. அந்த மூலிகை சூத்திரத்தில் இருந்தால் அளவைத் துல்லியமாகக் காணுங்கள், இல்லையென்றால் அளவு எவ்வளவு சின்னதானாலும் விட முடியாது.

இவற்றில் எது வந்தாலும் இரண்டாவது முறை புதிதாக நிறுத்து, வேறு ஆள் கையால் செய்து உறுதிசெய்யுங்கள். உறுதியானதும் மேலாளரிடம் அன்றே சொல்லுங்கள், அறிக்கை தயாராகும் வரை காத்திருக்க வேண்டாம். மருந்து ஒழுங்குமுறை ஆணையத்துக்குத் தெரிவிப்பது அவர் பொறுப்பு. திறக்காத டப்பாவை முத்திரையோடு, தொகுதி எண் தெரியும்படி படம் எடுத்து, தனி அலமாரியில் பூட்டி வையுங்கள். திறந்த டப்பாவில் மிச்சமிருப்பதைக் குப்பையில் போடாதீர்கள், அவர்கள் வந்து கேட்பார்கள்.